ஏழு வயசுப் பையனுக்கு ஒரு வெள்ளை கேக்

உக்காரு சங்கவி, நிக்காத. மாடியில தண்ணி வரலன்னு சொல்ல வந்தியோன்னு நெனச்சேன். கேக்கா? கல்யாண கேக்கா?

யார்கிட்ட வந்து கேட்டிருக்க பாரு.

இல்ல இல்ல, தெரியும். தெரியாதுன்னு யார் சொன்னா? ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்து, சாயங்காலம் நம்ம மொட்டை மாடியில இருபது பேரு, ஒரு கேக், பிரியாணி, அவ்வளவுதானே? நல்ல காரியம். உன் மாப்பிள்ளை ஜோயல் தம்பி வீட்ல கேக் வெட்டாம கல்யாணம்னே ஒத்துக்க மாட்டாங்க, எங்க ஆளுங்களே அப்படித்தான். பெரிசா வேணாம், விலை கம்மியா, வீட்ல செஞ்ச மாதிரி ஒண்ணு. அதானே கேட்ட? ஒரு ஆள் இருக்கா. ரெண்டு தெரு தள்ளித்தான். ஆனா அட்ரஸ் குடுக்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். சொல்லாம அனுப்பினா எனக்குத் தூக்கம் வராது. இந்தா, முறுக்கு எடுத்துக்க.

எங்க பொண்ணு பெனடிக்டாவுக்கு, பெனிக்கு, போன மே மாசம் கல்யாணம். நீ அப்ப இங்க குடி வரல. மாப்பிள்ளை வீடு அண்ணாநகர். வசதியான குடும்பம். நல்லவங்கதான், குத்தம் சொல்லக் கூடாது. பேசி முடிக்க வந்தன்னிக்கே சம்பந்தியம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க, "ஹால், சாப்பாடு, மேடை எல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீங்க கேக் மட்டும் கொண்டு வந்துடுங்க போதும். சிம்பிளா ஒண்ணு"ன்னு.

கேக் மட்டும். கேட்டியா? இருநூறு பேர் உக்காந்திருக்கற ஹால்ல எங்க வீட்டுப் பங்குன்னு கண்ணுல படப் போறது அந்தக் கேக் ஒண்ணுதான். அது நல்லா இருந்தா நாங்க நல்ல குடும்பம். அது கோணலா இருந்தா நாங்க கோணல். எங்க வீட்டுக்காரர் இருக்காரே, அமலதாஸ் அங்கிள், அவர் பேப்பர்ல இருந்து தலைய எடுக்காம, "முக்குக் கடையில ரெண்டு கிலோ வாங்கினா முடிஞ்சுது"ன்னார். அவருக்கு உலகமே முக்குக் கடையோட முடிஞ்சுடும்.

நான் ஏறி இறங்காத கடை இல்ல சங்கவி. நுங்கம்பாக்கத்துல ஒரு கடை, உள்ள போனா ஆஸ்பத்திரி மாதிரி அமைதி. ஒரு பொண்ணு டேப்லட்ட நீட்டி, "தீம் என்ன மேடம்?"ன்னா. தீம்னா? கல்யாணம்தாம்மா தீம்! அவ சொன்ன விலைக்கு பெனிக்கு ஒரு ஜோடி கம்மல் எடுத்துடலாம். தி.நகர்ல இன்னொருத்தன், அவன் பரவால்ல, உள்ளதைச் சொன்னான். அஞ்சடுக்கு கேக்கைக் காட்டி, "மேல இருக்கற ஒண்ணுதாம்மா கேக்கு, கீழ நாலும் தெர்மோகோல். ஐசிங் பூசிட்டா யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில தெர்மோகோலத் திருப்பிக் குடுத்துடணும், வேற கல்யாணத்துக்குப் போகணும்"ன்னான். ஊர்ல இருக்கற கல்யாணத்துக்கெல்லாம் போயிட்டு வந்த தெர்மோகோல என் பொண்ணு மேடையில வைக்கறதா? வேணாம்ப்பான்னு வந்துட்டேன்.

அப்பறம்தான் நான் ஒண்ணு கண்டுபிடிச்சேன். நான் பெரிய கெட்டிக்காரின்னு எனக்கு ஒரு நெனப்பு உண்டு. ஒரு பேக்கரிக்கு போன் பண்ணி, ரெண்டடுக்கு வெள்ளை கேக், கல்யாணத்துக்குன்னு கேட்டேன். ஒரு விலை சொன்னான். அரை மணி நேரம் விட்டு, அங்கிள் போன்ல இருந்து அதே கடைக்கு, அதே ரெண்டடுக்கு, அதே வெள்ளை, பிறந்தநாளுக்குன்னு கேட்டேன். பாதி விலை சங்கவி! அதே மாவு, அதே முட்டை, அதே சக்கரை. கல்யாணம்னு வாயத் தொறந்தா ரெண்டு மடங்கு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே யார்கிட்ட கேட்டாலும் பிறந்தநாள்தான்னு.

கடைக்காரன்கிட்ட அந்தப் பொய்யச் சொல்லியிருந்தா எனக்கு ஒரு கவலையும் இல்ல. அவன் என்னை ஏமாத்தப் பாத்தான், நான் அவனை ஏமாத்தினேன், சரியாப் போச்சு. நான் போய்ச் சொன்னது ஜெசிந்தாகிட்ட.

ஜெசிந்தா யாருன்னு கேக்கறியா? இந்த வீடு கட்டறதுக்கு முன்னாடி நாங்க பதினோரு வருஷம் ஒரு காம்பவுண்டுல குடியிருந்தோம். எட்டு வீடு, ஒரு குழாய், ரெண்டு கக்கூஸ். இதை நான் யார்கிட்டயும் சொல்றதில்ல, உன்கிட்ட சொல்றேன். எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு சுவரு, அதுவும் பாதிச் சுவரு, மேல தகரம். நான் இந்தப் பக்கம் இருமினா அவ அந்தப் பக்கம் கஷாயம் வைப்பா. பெனி பொறந்தப்ப எனக்கு ஜன்னி கண்டு ஆஸ்பத்திரியில கெடந்தேன். பத்து நாள் புள்ளையப் பாத்துக்கிட்டவ அவதான். அவளுக்குன்னு புள்ள கெடையாது. அவ புருஷன் பேக்கரியில மாவு பெசையற வேலை பாத்தாரு. அவர் போனதுக்கப்பறம், அவர்கிட்ட கத்துக்கிட்டதை வச்சு வீட்லயே ஒரு ஓவன் வாங்கிப் போட்டு கேக் செய்ய ஆரம்பிச்சா. இன்னும் அதே காம்பவுண்டுதான். ஞாயித்துக்கிழமை முதல் பூசை முடிஞ்சதும் மாதா கோயில் கேட்டுகிட்ட ஒரு தட்டுல கேக் துண்டு வச்சு வித்துக்கிட்டு இருப்பா.

தங்கமான மனுஷி. ஒரே ஒரு குறை, வாய். வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டா. சம்பந்தி வீட்ல நாங்க அந்தக் காம்பவுண்டப் பத்தி மூச்சு விடல. பொய் சொல்லல! "ரொம்ப வருஷமா இந்த ஏரியாதான்"னோம், அது உண்மைதானே? இவள ஹாலுக்குக் கூப்பிட்டு வச்சா என்ன ஆகும்? சம்பந்தியம்மா பக்கத்துல போய் உக்காந்து, "நானும் இந்த எமரன்சியும் தண்ணி லாரி பின்னாடி குடத்தோட ஓடுவோங்க, ஒரு நாள் இவ பாவாடை நாடா அவுந்து..."ன்னு ஆரம்பிச்சிடுவா.

அதனால கூப்பிடல. எங்க பக்கத்துக்கு எண்பது பேர்தான்னு ஒரு கணக்கு இருந்துச்சு. ஹால்ல எடம் இல்லன்னு அங்கிள்கிட்ட சொன்னேன். பால்காரருக்குப் பத்திரிக்கை வச்சோம் சங்கவி. அங்கிளோட பழைய ஆபீஸ் பியூனுக்கு வச்சோம். அவளுக்கு வைக்கல.

ஆனா கேக்குக்கு மட்டும் அவகிட்ட போனேன். பாத்துக்க, என் புத்திய.

அவளுக்குக் கல்யாணம் தெரியாதுன்னு நான் நம்பினதுக்கு ஒரு காரணம் இருக்கு. உனக்குத் தெரியாது, எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்க. இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம் நடக்கப் போகுது, இதுக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிஞ்சா சாமியார்கிட்ட வந்து சொல்லுங்கன்னு எல்லார் முன்னாடியும் படிப்பாங்க. பெனிக்கும் வாசிச்சாங்க. எட்டு மணிப் பூசையில நான் என் காதால கேட்டேன், புடவைத் தலைப்பச் சரி பண்ணிக்கிட்டு நிமிந்து உக்காந்தேன். ஜெசிந்தா போறது அஞ்சரை மணி முதல் பூசைக்கு. முடிஞ்சா தட்டோட நிப்பா, அப்பறம் நேரா வீடு, ஓவன். அவ எங்க எட்டு மணிப் பூசைக்கு வரப் போறா? நாப்பது வருஷமா எட்டு மணிப் பூசையத் தவிர வேற பூசையே பாக்காதவ நான். என் கணக்கு அப்படி ஓடுச்சு.

போனேன். கதவு தொறந்தே இருந்துச்சு. கை முழுக்க மாவு. "வாடி, வாடி எமரன்சி! வழி தெரிஞ்சுதா?"ன்னா. ஸ்டூல முந்தானையாலத் தொடச்சுப் போட்டா. டீ போட்டா. நான் டீயக் குடிச்சுக்கிட்டே, எங்க அக்கா பேரனுக்குப் பிறந்தநாள், ஒரு கேக் வேணும்னேன்.

"எத்தனை வயசு?"

"ஏழு."

"ஏழு வயசுக்கு ரெண்டடுக்கா?"

"பெரிய குடும்பம்டி."

"மேல காரு, குரங்கு, ஏதாவது வைக்கட்டா? என்ன கலரு?"

"எதுவும் வேணாம். முழுக்க வெள்ளை."

"பேரு?"

"பேரும் வேணாம். அவன் அடக்கமான பையன்."

சிரிக்காத சங்கவி. எனக்கு அப்ப வாயில வந்தது அதுதான். அவ சிரிக்கல. மாவுக் கையத் தொடச்சுக்கிட்டா. அப்பறம், "அடக்கமான பையன்னா வெள்ளைதான் எடுப்பா இருக்கும்"னு நோட்டுல எழுதிக்கிட்டா. தேதி கேட்டா, சொன்னேன். "பெனி எப்படி இருக்கா?"ன்னா. "இருக்கா"ன்னேன். அவ்வளவுதான், மேல ஒண்ணும் கேக்கல. விலை சொன்னா. கடையில கேட்டதுல கால்வாசி கூட இல்ல. அதுலயும் நான் எரநூறு ரூவா குறைச்சேன். "சரிடி, பிறந்தநாள்தானே, குடு"ன்னா. நான் ஜெயிச்சுட்ட மாதிரி நடந்து வந்தேன்.

கல்யாணத்தன்னிக்குக் கோயில் முடிஞ்சு, மத்தியானம் நானும் அங்கிளும் ஆட்டோ எடுத்துக்கிட்டுக் கேக் வாங்கப் போனோம். பட்டுப்புடவைய மாத்திட்டு ஒரு நைலக்ஸ் புடவையக் கட்டிக்கிட்டுப் போனேன், அவ கண்ணுல படக் கூடாதுன்னு. ஆனா தலையில பூவ எடுக்க மறந்துட்டேன். நாலு மொழம் மல்லி. கையில மருதாணி. அவ பாத்தா. பாத்துட்டு, "பாத்து எடுத்துட்டுப் போங்க, கீழ் அடுக்குல நாலு குச்சி சொருகியிருக்கேன், மேலது சரியாம இருக்க. வெட்டும்போது எடுத்துடுங்க, சின்னப் பையன் வாயில போட்டுடப் போறான்"னா. "குலுங்குமே, நான் வேணா மடியில வச்சுக்கிட்டு வந்து எறக்கி வச்சுட்டு வந்துடட்டா? அஞ்சு நிமிஷம்"னா. நான் "வேணாம் வேணாம்"னு ஆட்டோவக் கிளப்பச் சொல்லிட்டேன். அங்கிள் வழி முழுக்க வெளியவே பாத்துக்கிட்டு வந்தாரு.

ஹால்ல போய்ப் பெட்டியத் தொறந்தோம்.

எப்படிச் சொல்றது? நான் பாத்த அத்தனை கடையிலயும் அப்படி ஒண்ணு இல்ல. பால் மாதிரி வெள்ளை. சுத்தி சக்கரையில செஞ்ச பூவு, சின்னச் சின்ன நந்தியாவட்டை, ஒவ்வொண்ணும் அஞ்சு இதழ், நெஜப் பூவோன்னு வண்டு ஏமாந்துடும். எத்தனை நாள் உக்காந்து செஞ்சாளோ. பக்கத்துல கத்தி, கைப்பிடியில வெள்ளை ரிப்பன். ஏழு வயசுப் பையனுக்கு எதுக்கு ரிப்பன் கட்டின கத்தின்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். பழக்கத்துல கட்டிட்டா போலன்னு விட்டுட்டேன். அந்த அளவுக்குப் புத்திசாலி நான்.

மேடையில வச்சதும் சம்பந்தியம்மா அசந்துட்டாங்க. "இவ்வளவு நேர்த்தியா! எங்க சொன்னீங்க?"ன்னாங்க. எனக்குத் தலை நிமிந்துடுச்சு. அப்ப பெனி கிட்ட வந்தா. அந்தப் பூவைப் பாத்தா. காம்பவுண்டுல குழாயடி பக்கத்துல ஒரு நந்தியாவட்டைச் செடி உண்டு. அந்தப் பூவப் பறிச்சுப் பறிச்சு ஜெசிந்தா தலையில சொருகி விடறதுதான் சின்ன வயசுல இவளுக்கு வேலை. நான் மறந்துட்டேன், அவ மறக்கல. "அம்மா, இது ஜெசிந்தா ஆன்ட்டி கேக்தானே? ஆன்ட்டி எங்க?"ன்னு கண்ணெல்லாம் மலர்ந்து ஹால் பூரா தேடறா.

"யாரு ஜெசிந்தா?"ன்னு சம்பந்தியம்மா.

சொல்லியிருக்கலாம். என் பொண்ண வளத்தவ, எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கா, ஒரு ஆட்டோ அனுப்பினா அரை மணியில வந்துடுவான்னு சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது கடையோட பேரு"ன்னேன். "நுங்கம்பாக்கத்துல இருக்கு"ன்னேன்.

பெனி என்னைப் பாத்தா. கல்யாணப் பொண்ணு, மேடையில நிக்கறா, எல்லாரும் போட்டோ எடுக்கறாங்க. என்ன கேக்க முடியும் அவளால? கேக்கை வெட்டினா. முதல் துண்ட மாப்பிள்ளைக்கு ஊட்டினா. எனக்கு ஊட்ட வந்தப்ப என் முகத்தப் பாக்கல. அந்தக் கேக் என்ன ருசின்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது சங்கவி, முழுங்கினேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில பெட்டியக் கழுவி வைக்கலாம்னு எடுத்தேன். அடியில ஒரு சின்னக் கவரு. பிரிச்சேன். மெழுகுவத்தி. ஏழு. சிவப்பு, மஞ்சள், நீலம்னு குழந்தைங்களுக்கு வைக்கறது. கூட ஒரு தீப்பெட்டி. பாவம், நம்பிட்டாளேன்னு நெனச்சேன். கொஞ்சம் உறுத்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா நம்பிட்டாளேன்னு ஒரு நிம்மதியும் இருந்துச்சு. அந்தக் கவர பீரோவுல போட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு பெனியப் பாக்க அண்ணாநகர் போக வேண்டியிருந்துச்சு. எட்டு மணிப் பூசைக்குப் போனா லேட்டாயிடும்னு முதல் பூசைக்குப் போனேன். கடைசி பெஞ்சுல உக்காந்தேன். பிரசங்கம் முடிஞ்சு, அறிக்கை வாசிச்சாங்க. அப்பறம் சாமியார் ஒரு தாள எடுத்து, இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும்னு ஆரம்பிக்கறாரு. ஓலை! அஞ்சரை மணிப் பூசையிலயும் ஓலை! எல்லாப் பூசையிலயும் வாசிக்கறாங்க சங்கவி. வாசிக்காம? கோயில்னா எல்லாருக்கும்தானே? இத்தனை வயசுக்கு எனக்கு அது தோணல.

மூணு ஞாயித்துக்கிழமை அவ இதே பெஞ்சுங்கள்ல எங்கயோ உக்காந்து கேட்டிருக்கா. அமலதாஸ், எமரன்சி, இவர்களின் மகள் பெனடிக்டான்னு. தடை ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்கன்னும் கேட்டிருக்கா. மூணாவது ஓலை வாசிச்சு ரெண்டு நாள் கழிச்சுத்தான் நான் அவ வீட்டு ஸ்டூல்ல உக்காந்து ஏழு வயசுன்னு சொல்லியிருக்கேன். அக்கா பேரன்னு சொல்லியிருக்கேன். அடக்கமான பையன்னு சொல்லியிருக்கேன். அவ அத்தனையும் தெரிஞ்சுக்கிட்டு நோட்டுல எழுதியிருக்கா. யாரு? வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டான்னு நான் பயந்தேனே, அவ. நான் மாட்டிக்கக் கூடாதுன்னு மெழுகுவத்திய எண்ணிப் போட்டு அனுப்பியிருக்கா.

வெளிய வந்தேன். கோயில் கேட்டுகிட்ட தட்டோட நிக்கறா. வேற வழி கிடையாது, அந்த ஒரு கேட்டுதான். நேரா அவகிட்ட போய் கையப் பிடிச்சுக்கணும், அழுதுடணும்னுதான் நடந்தேன். சத்தியமா அப்படித்தான் நடந்தேன். பக்கத்துல போனதும் அவளே முந்திக்கிட்டா. சிரிச்ச முகம். "என்னடி, பையன் மெழுகுவத்திய ஊதினானா?"ன்னா.

அவ எனக்கு வாசலத் தொறந்து விட்டா சங்கவி. உள்ள வாடின்னு. இல்லடி, பையனும் இல்ல மெழுகுவத்தியும் இல்லன்னு நான் சொல்லணும், அவ்வளவுதான்.

நான் சொன்னேன், "ஊதினான்டி. ஒரே ஊதல்ல ஏழும் அணைஞ்சுடுச்சு."

அவ ஒரு நொடி என்னைப் பாத்தா. "நல்லா இருக்கட்டும்"னா. யாரச் சொன்னான்னு எனக்குத் தெரியும். என் பெனியச் சொன்னா. அப்பறம் ஒரு துண்டு கேக்கைப் பேப்பர்ல சுத்தி என் கையில வச்சு, "பையனுக்குக் குடு"ன்னா. காசு வாங்கல.

ஏழு மாசம் ஆகுது. நான் மறுபடியும் எட்டு மணிப் பூசைக்கே போறேன். கடைக்குப் போனா அந்தத் தெரு வழியாப் போறதில்ல, சுத்திக்கிட்டுப் போறேன். பெனி வந்தா நேரா அங்கதான் போறா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதில்ல. அங்கிளும் போயிட்டு வராருன்னு நெனக்கறேன், சட்டையில வெண்ணிலா வாசம் அடிக்குது. நான் ஒருத்திதான் போகல. வெக்கமா இருக்கு சங்கவி. செஞ்சதுக்குக் கூட இல்ல, கடைசியாச் சொன்னேன் பாரு, ஊதினான்னு, அதுக்கு.

சரி, நீ போ. பச்சை கேட்டு, காம்பவுண்டுல உள்ள நுழைஞ்சா மூணாவது வீடு. கல்யாணம்னே சொல்லு. பிறந்தநாள்னு சொல்லாத, பேரம் பேசாத. மொட்டை மாடிக்கு அவளையும் வரச் சொல்லு, மொதல் ஆளா வரச் சொல்லு. யாரு அனுப்பினாங்கன்னு கேட்டா... பக்கத்துல யாரோ சொன்னாங்கன்னு...

என்ன அப்படிப் பாக்கற? சரி. சரிம்மா. எமரன்சி அனுப்பினான்னு சொல்லு. இரு, பீரோவத் தொறக்கறேன். இந்தா, இந்தக் கவர அவ கையில குடு. ஏழும் அப்படியே இருக்கு, திரி கூட கறுக்கல. பையன் மெழுகுவத்திய ஊதலன்னு எமரன்சி சொல்லச் சொன்னான்னு சொல்லு. அது போதும். அவளுக்குப் புரியும்.

நான் ஏன் வரலன்னு கேப்பா. கண்டிப்பாக் கேப்பா. முட்டி வலின்னு சொல்லிடு. படி ஏற முடியலன்னு சொல்லு. அவ வீட்டுக்குப் படியே கெடையாது, பரவால்ல, சொல்லு. அவ நம்பிடுவா. நம்பலன்னாலும், நம்பின மாதிரியே உன்கிட்ட தலையாட்டுவா.